எதுக்கும் ஒரு கண்ணு

பூட்டிய பூட்டை நம்பாத மனிதர் அவர். கேட்டைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலடி நடப்பார். பிறகு யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். பூட்டே வாய் திறந்து ‘நான் பூட்டித்தான் இருக்கிறேன்’ என்று சொன்னாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். ஹைதராபாத்தில் வேலை கிடைத்த புதிதில், காஞ்சன்பாக் பக்கம் அவருடைய வீட்டு மாடியில் ஓர் ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். அந்தக் காலம் முழுக்க எனக்குப் பொழுது விடிந்தது அந்தப் பூட்டின் சத்தத்தில்தான்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்து அனுப்பிய ஆள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். தெலுங்கும் உருதுவும் சரளமாகப் பேசுவார், ஆனால் வீட்டுக்குள் நெல்லைத் தமிழ் மட்டும்தான். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்களே தவிர, அவருடைய கண்ணுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் பரவலாக இருந்த பார்வை மொத்தமும் வீட்டுக்குள் வந்து குவிந்துவிட்டது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஏரியா அது. வாசலில் தரைக்கடியில் ஒரு தொட்டி, அதற்கு ஓர் இரும்பு மூடி, அந்த மூடிக்கும் ஒரு பூட்டு.

“தண்ணியை யாருங்க அங்கிள் திருடப் போறாங்க?” என்று கேட்டேன்.

“திருடுததுக்கு இல்லம்மா. எவனாவது எதையாவது கலந்திட்டாம்னா? எதுக்கும் ஒரு கண்ணு இருக்கட்டும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கில்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மோந்து பார்க்கும்போது சொல்வார். பால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடும்போது சொல்வார். அவருடைய மனைவி கோயிலுக்குப் போகும்போது பின்னாலேயே தெருமுனை வரை வந்து நின்றுகொண்டு சொல்வார். ஆன்ட்டிக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பாக இருக்கும். நான் கிண்டல் செய்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஆனால் இழுத்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்த மாட்டார்.

அவரைக் கேலி செய்தே கதையை முடித்துவிட்டால் அது நியாயமில்லை. எனக்கு அப்போது காலை ஷிப்ட். விடிந்தும் விடியாததுமாகக் கம்பெனி கார் வந்து நிற்கும். நான் படியிறங்குவதற்குள் அவர் வெளியே போய் டிரைவரை விசாரித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் புது டிரைவர் வந்திருந்தான். இவர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

“க்யா மியா, ராத் கூ சோயே நை க்யா?” ராத்திரி தூங்கினாயா இல்லையா என்று விசாரணை.

“ஹவ் சாப், டபுள் டியூட்டி,” என்று ஒப்புக்கொண்டான் அவன்.

அவர் என் பக்கம் திரும்பி, “நீ இந்த வண்டியில போவாத,” என்றார். எனக்கு வந்ததே கோபம். அன்றைக்கு ஆபீசில் முக்கியமான நாள். நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை, என் வேலையை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று சத்தம் போட்டேன். அவர் கார் கதவில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிப்போய்விட்டான். தலை ஹாரனில் அழுந்தி தெருவே அலறியது, அவன் அசையவில்லை. அவனை எழுப்பி, டீ கொடுத்து, வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்தார். என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அதன் நம்பரை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

கரூரில் இருந்த அம்மாவிடம் இதைப் போனில் சொன்னேன். “அந்தப் பெரியவர் கீழ இருக்கறாருன்னுதான் கண்ணு எனக்குச் சோறு எறங்குது,” என்றாள். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. தூரத்து ஊரில் நம்மைப் பார்த்துக்கொள்ள ஒரு கண் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைத்தேன்.

அந்த வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகள் கோமதி காலேஜ் சேர்ந்தபோது செகந்திராபாத்தில் கடைக்காரர்கள் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிக்கொடுத்த மெஷின். பூப்போட்ட துணி உறை போட்டு மூடியிருப்பார்கள். வாங்கிய நாளில் அது நல்ல மெஷின்தான். அதற்குப் பிறகு காலம் ஓடியது, அது மட்டும் அதே கொஞ்சம் மெமரியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்துத் தலை துவட்டி வந்தாலும் திரையில் மணற்கடிகாரம் கவிழ்ந்துகொண்டே இருக்கும்.

அவருக்கும் அதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்துக் குத்துவார். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில்தான் அடித்து, கடையில் பிரிண்ட் எடுத்துத் தபாலில் அனுப்புவார். கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை என்றால் கீபோர்டுக்குக் கரண்ட் வரவில்லை என்று நினைக்கிற ஆள். தண்ணீர் போர்டுக்குப் புகார் அடித்தாலும் மருமகனுக்குத் தீபாவளி வாழ்த்து அடித்தாலும் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று பெரிய பெரிய எழுத்தில் தொடங்குவார். பெரிய மகளைத் திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்திருந்தார், அந்த மருமகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

“நீ சாஃப்ட்வேர்தானம்மா, இது ஏன் இப்படி இழுக்குன்னு பாரேன்,” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டுக்காரரிடம் அதையெல்லாம் விளக்க முடியுமா? போய் உட்கார்ந்தேன்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், மெமரி முழுக்க நிரம்பி வழிகிறது. வேலைக்கு இடம் போதாமல் மெஷின் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. மேடையில் இடமில்லாமல் ஒவ்வொரு கரண்டிக்கும் பரணில் ஏறி இறங்கிச் சமைப்பது மாதிரி. அதனால்தான் டிஸ்க் ஓடும்போது எரிகிற அந்தச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை, உள்ளே எதையோ கொறிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யார் இவ்வளவு இடத்தையும் தின்கிறார்கள் என்று பார்த்தேன். மூன்று ஆன்டிவைரஸ். ஒன்று கடைக்காரர் போட்டது, ஒன்று பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்தது, இன்னொன்று கோட்டி பஜார் நடைபாதையில் வாங்கியது. மூன்றும் ஒன்றையொன்று வைரஸ் என்று சந்தேகப்பட்டு மாற்றி மாற்றிச் சோதனை போட்டுக்கொண்டிருந்தன.

“மூணு வாட்ச்மேன் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடிச்சுட்டு நிக்கறாங்க அங்கிள். வீட்டுக்காரங்க உள்ளே நுழைய முடியலை. ரெண்டை எடுத்துடலாம்.”

அவர் முகம் மாறிவிட்டது. “ஒருத்தன் கண்ணசந்தாம்னா இன்னொருத்தன் முழிச்சிருப்பாம்லா? எங்க கேட்டுல எப்பவும் மூணு பேரு.”

“அங்கே கேட்டு பெருசு. இங்கே நிக்கவே இடம் இல்லீங்க.”

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு இரண்டை எடுக்கச் சம்மதித்தார். எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று, ஏதோ ஆளை வேலையை விட்டு அனுப்புவது போல வருத்தத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் சுதாரித்துக்கொண்டது. ஆன்ட்டி எனக்கு ஒரு கிண்ணம் நிறைய சொதி கொடுத்தனுப்பினார். அந்த வீட்டில் எனக்கிருந்த மதிப்பு ஒரே நாளில் மளமளவென்று ஏறிவிட்டது.

கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் பஸ் பிடித்து அமீர்பேட்டுக்கு கோச்சிங் போவாள், சாயங்காலம்தான் வருவாள். அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், அப்பா தமிழில் திட்டினால் இந்தியில் முணுமுணுப்பாள். அவரை ‘டாடி’ என்றுதான் கூப்பிடுவாள். நான் குடிவந்த புதிதில் மாடிக்கு வந்து என் ஆபீஸ் கதைகளை வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். சுறுசுறுப்பான பெண், கணக்கில் புலி.

அவள் எழுதாத டெஸ்ட் இல்லை. எழுதிவிட்டு வந்த அன்று, எல்லாம் சுலபமாக இருந்தது என்று குதிப்பாள். பிறகு ஒன்றும் வராது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இவளுக்கு மட்டும் ஒரு வரி பதில்கூட இல்லை. அவளுக்குச் செல்போன் வாங்கித் தரவில்லை. விண்ணப்பங்களில் கொடுத்தது வீட்டுப் போன் நம்பர்தான், அதை எடுப்பவர் எப்போதும் அவர்தான்.

“நாக்கு அசலு மெயிலே ராலேது அக்கா,” என்பாள். எனக்கு மெயிலே வருவதில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, குரல் மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனது. மாடிக்கு வருவதைக் குறைத்தாள். வந்தாலும் ஆபீஸ் கதை கேட்பதில்லை. ஒருநாள் படியில் உட்கார்ந்துகொண்டு, “டெஸ்ட்ல நான் சரின்னு நினைக்கறதெல்லாம் தப்பா இருக்கு போல அக்கா. எனக்கு வராது, தெரிஞ்சுபோச்சு. பக்கத்து ஸ்கூல்ல பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கக் கூப்பிடறாங்க. போயிடறேன்,” என்றாள். இன்னும் கொஞ்ச நாள் பாரு என்று சொன்னேன். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம் வந்திருந்தது, ஒருவேளை இந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே சாமர்த்தியம் போதாதோ என்று.

அவள்தான் அதைச் சொன்னாள், கம்ப்யூட்டர் மறுபடியும் செத்துக்கிடக்கிறது என்று. பூனேயில் ஒரு கம்பெனி, புதிதாக ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பத்தை நிரப்பி முடிப்பதற்குள் மெஷின் நின்றுவிடுகிறது. கடைசியாக இது ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். அவள் சொன்ன ‘கடைசியாக’ எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாள் எனக்கு விடுமுறை. கோமதி அமீர்பேட்டுக்குப் போன பிறகு கீழே இறங்கினேன். அவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“பாரும்மா, பாரு. அந்த ரெண்டு பேரையும் அனுப்புனதுலதான் இது இப்படி ஆயிருக்கும்,” என்று சிரித்தார்.

டாஸ்க் மேனேஜரில் ஆன்டிவைரஸ் சமர்த்தாக ஓர் ஓரத்தில் இருந்தது. ஆனால் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்தால் விண்டோஸின் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. நான் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது மட்டும் கண் முன்னால் ஊதிக்கொண்டே போனது. எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாத புரோகிராம். ஆபீசில் இப்படி ஒன்று அகப்பட்டால் எங்களுக்குத் திருவிழா. அது எங்கே குடியிருக்கிறது என்று தேடிப் போனேன். உள்ளே உள்ளே ஒளித்து வைத்த ஒரு போல்டர். திறந்தேன். சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் விரிந்தது.

எல்லாம் இதே கம்ப்யூட்டரின் திரையைப் பிடித்த படங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, சத்தமில்லாமல், திரையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே படம் எடுத்துச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. கோமதி தோழிகளோடு அடித்த அரட்டை. ஒரு சுடிதார் டிசைன். வேலை விண்ணப்பங்கள். அவளுடைய மெயில் பெட்டி. கூடவே அவள் அடித்த ஒவ்வோர் எழுத்தையும் தனியாகச் சேமித்து வைத்திருந்தது, பாஸ்வேர்டு உட்பட. தாழ்ப்பாள் போடாத குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவள் மாதிரி எனக்கு உடம்பு கூசியது.

மூடிவிடத்தான் மௌஸை நகர்த்தினேன். அப்போதுதான் அந்தப் பெரிய எழுத்துகள் கண்ணில் பட்டன.

கோமதியின் மெயில் பெட்டி திறந்திருந்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம், தேர்வில் தேறியிருக்கிறீர்கள், இன்ன தேதியில் நேரில் வாருங்கள் என்று. அடுத்த படத்தில் அதற்குப் பதில் எழுதும் ஜன்னல். அதில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று மட்டும் இருந்தது, முழுக்கப் பெரிய எழுத்தில். அந்தக் கடிதத்தை எழுதியனுப்பியிருந்ததோ ஒரு பெண் அதிகாரி. அடுத்த படத்தில் ‘ஐ’. அடுத்ததில் ‘ஐ ஆம் நாட்’. அதற்கடுத்ததில் ‘இன்ட்’. அந்த ஒரு வார்த்தை முடிவதற்குள் இரண்டு மூன்று படங்கள். ஒற்றை விரல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் படங்களில் தெரிந்தது. கடைசியில் வாக்கியம் முடிந்திருந்தது. ‘எனக்கு இந்த வேலையில் விருப்பம் இல்லை. மன்னிக்கவும்.’ கீழே கோமதியின் பெயர். அதற்கடுத்த படத்தில் வந்த கடிதமும் போன பதிலும் அழிக்கப்பட்டு, பெட்டி சுத்தமாக இருந்தது.

படங்களின் நேரத்தைப் பார்த்தேன். வேலை நாள், முற்பகல். கோமதி அமீர்பேட்டில் இருந்த நேரம். இன்னும் கீழே போனால் சென்னைக் கம்பெனி ஒன்று. அதே ரெஸ்பெக்டட் சார்.

“கண்டுபிடிச்சிட்டியாம்மா?” அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை, காய்ந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“இதை நீங்கதானே போட்டீங்க?”

“கோட்டியில ஒருத்தன் குடுத்தான். வயசுப் பிள்ளைய வச்சிருக்கவங்க எல்லாம் வாங்கிட்டுப் போறாங்கன்னான். எதுக்கும் ஒரு கண்ணு…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, குனிந்து அந்தப் படங்களைப் பார்த்தார். அவர் குரலில் நிஜமான திகைப்பு இருந்தது. “இதுல நான் எப்படி வந்தேன்? அது அவளத்தானம்மா பாக்கணும்? நான்லா போட்டது?”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. “அதுக்கு நீங்க யாரு, அவ யாருன்னு தெரியாதுங்க அங்கிள். யார் உக்காந்தாலும் பார்க்கும்,” என்றேன். பிறகு பொறுக்க முடியவில்லை. “அவ தன்னை முட்டாள்னு நினைச்சிட்டிருக்கா. தெரியுமா உங்களுக்கு? எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க?”

“பெங்களூர்ல அவள யாரு பாத்துக்கிடுவா?”

“நான் கரூர்ல இருந்து வரலியா? எங்கப்பா இப்படிப் பண்ணியிருந்தா நான் உங்க மாடியில இருந்திருப்பேனா?”

“உன்னை நான் பாத்துக்கிடுதேன்லா,” என்றார். அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை, இது கூடப் புரியவில்லையா என்று கேட்பது போலச் சொன்னார். “அங்கன நான் இல்லியேம்மா.”

அந்தக் காரை மறித்த கைதான் இந்த எழுத்துகளையும் குத்தியது என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். “அழிச்சிரும்மா. இதை எடுத்திட்டா மெஷினும் சரியாயிரும்லா? இனிமே போட மாட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

“மெஷின் சரியாயிடும். கோமதி?”

சமையலறை வாசலில் ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியாது. கையில் கரண்டி அப்படியே இருந்தது.

“பிள்ளைக்கு வேலை வந்துச்சா?” என்று கேட்டார். அவர் துண்டை மடிக்க ஆரம்பித்தார். “வந்துச்சான்னு கேக்கேன்.”

“வந்துச்சு.”

ஆன்ட்டி அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அப்போதும் உயர்த்தவில்லை. “ரெண்டு மாசமா அவ தட்டுல பாதிச் சோத்த அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போறா. நீங்க எதுத்தாப்புலதான் உக்காந்திருந்திய. எல்லாத்தையும் பாத்தியள, அதப் பாக்கலியா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் எதையும் அழிக்கவில்லை. கோமதி வந்து பார்த்த பிறகு அழித்துத் தருகிறேன், நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு வெளியே போய்க் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை, ஆன்ட்டியும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் கோமதி தெருவில் திரும்பியதுமே எழுந்து கேட்டைத் திறந்து வைத்தார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நானும் இறங்கிப் போனேன். என்னவோ ஏதோ என்று பயந்துபோய் எங்கள் மூன்று பேரையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். அவர் “ஏட்டி, இங்க வா,” என்று கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அந்த போல்டரை அவரே திறந்தார்.

மெஷின் தன் குணத்தைக் காட்டியது. உள்ளே கொறிக்கிற சத்தம், மணற்கடிகாரம், வெள்ளைத் திரை. ஒரு படம் வந்தது. நின்றது. இன்னொன்று வந்தது. எல்லோரும் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நேரம் போய் நான் பார்த்ததில்லை. வாக்கியம் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. கோமதி குனிந்து வாசித்தாள். கண்டபடி கத்தப் போகிறாள் என்று நான் நினைத்தேன். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் அவள் திரும்பினாள். தமிழில் கேட்டாள்.

“அப்பா, நான் பாஸாயிருந்தேனா?”

“ஆமாட்டி,” என்றார்.

“ரெண்டுலயும்?”

“ரெண்டுலயும்.”

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆன்ட்டி போய் அணைத்துக்கொண்டார். அங்கிளின் கை ஒரு தடவை அவள் தலைப் பக்கம் நீண்டது, பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் அந்தப் புரோகிராமை வேரோடு எடுத்தேன். போல்டரைக் கோமதியே அழித்தாள். புதுப் பாஸ்வேர்டு போட்டாள். பெங்களூருக்கும் சென்னைக்கும் எழுதிப் பார்த்தாள், அந்த இடங்கள் போனது போனதுதான். பூனே விண்ணப்பத்தை அந்த வாரமே போட்டாள், டெஸ்ட் எழுதினாள், இந்தத் தடவை பதில் அவள் கண்ணிலேயே பட்டது. கிளம்புகிற அன்று செகந்திராபாத் ஸ்டேஷனில் அவர் அவளுடைய பெட்டியைச் சீட்டுக்கடியில் சங்கிலி போட்டுக் கட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்தார். இறங்கியவர் திரும்ப ஏறி வந்து இன்னொரு தடவை இழுத்தார். கோமதி ஜன்னல் வழியாக அம்மாவிடமே பேசிக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தபோது சாவியைக் கம்பி வழியாக நீட்டினார், வாங்கிக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் போன் வரும். மணி அடித்ததும் இப்போது அவர் எடுப்பதில்லை. ஆன்ட்டியைக் கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். பேசி முடித்ததும், “என்னைக் கேட்டாளா?” என்று கேட்பார். ஆன்ட்டி பொய் சொல்லத் தெரியாதவர். எனக்குக் கோமதி அடிக்கடி மெயில் எழுதுவாள், அதில் அம்மா இருப்பாள், நான் இருப்பேன், பூனே மழை இருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அவள் மெயிலில் அந்த ஒரு பெயரைத் தேடித் தேடி வாசிக்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

ஒருநாள் அங்கிள் என்னிடம் வந்து தனக்கென்று ஒரு மெயில் முகவரி உண்டாக்கித் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன். அதை ஆன்ட்டி மூலமாகக் கோமதிக்குச் சொல்ல வைத்தார். அன்றிலிருந்து காலையில் கேட்டைத் திறந்ததும் அடுத்த வேலை கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவதுதான்.

பல வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டார். “ஒரு எட்டு வந்து பாரேன்ம்மா. மறுபடியும் என்னமோ அடைச்சுக்கிட்டு நிக்கி போல. மெயில் ஒண்ணும் வரமாட்டேங்கு.”

போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அவ்வளவு வெறுமையான மெஷினை நான் பார்த்ததில்லை. மெமரியில் முக்கால்வாசி சும்மா கிடந்தது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. மௌஸைத் தொட்டால் துள்ளியது. சந்தேகத்துக்கு இன்டர்நெட் லைனையும் பார்த்தேன், அதுவும் ஒழுங்காக இருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போது சொல்ல வரவில்லை. ஆபீசிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கிறேன், வருகிறதா என்று பாருங்கள் என்றேன்.

மறுநாள் காலை ஆபீசிலிருந்து, ‘சாப்பிட்டீர்களா’ என்று ஒரு வரி அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது, பெரிய எழுத்தில், ரெஸ்பெக்டட் மேடம் என்று ஆரம்பித்து, சாப்பிட்டேன் என்று.

வேலை முடிந்து திரும்பியபோது கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார். “உன் மெயில் உடனே வந்திட்டும்மா. அப்ப வழி சரியாத்தான் இருக்கு, என்ன?”

“ஆமாங்க அங்கிள்.”

“எங்கனயும் அடைப்பு இல்லியே?”

“இல்லீங்க. எல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

அவர் சரியென்று தலையை ஆட்டினார். கேட்டைத் தாழ் போட்டுப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். ஹாலில் கம்ப்யூட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே போய் அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.